பெரியம்மாவின் ராஜினாமா கடிதமும் சீட்டு நோட்டும்: நம்பினாரா, இல்லையா?

அயனாவரத்தான் | வெள்ளி, இரவு 10:42

எங்கள் பெரியம்மா போன தை மாதம் காலமானார். அயனாவரத்தில் அவர் குடியிருந்த போர்ஷனை இப்போதுதான் காலி செய்தோம். பீரோவின் அடித்தட்டில், அட்டை பிய்ந்த வேதாகமத்துக்குக் கீழே, ஒரு ஜவுளிக்கடைப் பையில் இரண்டு சமாச்சாரங்கள் இருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. மூன்று நாளாக என் தலைக்குள்ளும் அதே சண்டை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

முதலாவது, 1999 ஜூனில் அவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு பள்ளி நிர்வாகம் கொடுத்த கடிதம். அரசு உதவி பெறும் பள்ளி, 22 வருஷ சர்வீஸ், கணக்கு டீச்சர்.

பின்னணி இதுதான். பெரியப்பா போன பிறகு பெரியம்மா ஒரு சின்ன சபைக்குப் போக ஆரம்பித்து ஞானஸ்நானமும் எடுத்தார். நாங்கள் யாரும் போகவில்லை. எங்கள் வீட்டில் அன்றும் இன்றும் முருகன்தான். 1999இல் ஈஸ்டர் முடிந்த கையோடு, ஓர் உபவாச ஜெபத்தில், இந்த வருஷம் முடிவதற்குள் இயேசுவின் இரகசிய வருகை என்று அந்தச் சபை பாஸ்டர் தீர்க்கதரிசனம் சொன்னாராம். தெரியாதவர்களுக்காக: விசுவாசிகள் மட்டும் ஒரு நொடியில் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் இங்கேயே கிடந்து ஏழு வருஷம் உபத்திரவம், அந்திக்கிறிஸ்து என்ற எதிரியின் ஆட்சி, அவனுடைய 666 முத்திரை எல்லாம் பார்க்க வேண்டும். பெரியம்மா வேலையை விட்டார். பி.எஃப். பணம் வந்ததும் சபைக்குக் கொடுத்தார். டிசம்பர் 31 ராத்திரி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போனார். ஜனவரி 1 காலை திரும்பி வந்தார். அதற்கப்புறம் சாகும்வரை டியூஷன்தான்.

இரண்டாவது, ஒரு சீட்டு நோட்டு. மாதம் 1,000, 25 பேர், 25 மாதம். 1999 ஜனவரியில் ஆரம்பித்து 2001 ஜனவரியில் முடிகிறது. பெரியம்மா நடுவில் ஒருமுறைகூட ஏலம் கேட்கவில்லை. கடைசிச் சீட்டு அவருடையது. டிசம்பரோடு எல்லாம் முடிந்தது என்று நம்பியவர், வேலையையே தூக்கிப் போட்டவர், அதற்கு 13 மாதம் கழித்து வரும் சீட்டுக்கு ஏன் காத்திருந்தார்?

2025 செப்டம்பர் 23இல் வருகை என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு வீடியோ சுற்றியது ஞாபகமிருக்கும். வேலையை விட்டேன், காரை விற்றேன் என்று ஆட்கள் போட்டார்கள். எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அதிகம் சிரித்தவன் நான். பெரியம்மா அந்தக் குழுவில் இருந்தார். ஒன்றும் எழுதவில்லை.

சுண்டல் | வெள்ளி, இரவு 11:05

வாய் நம்பியது, கை நம்பவில்லை. முடிந்தது கதை. சனிக்கிழமை திருப்பதி போய் முடி கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டும் ஊர் நம் ஊர். பெரியம்மாவைத் தப்பாகச் சொல்லவில்லை, புத்திசாலி என்கிறேன்.

கடற்கரை லோக்கல் | வெள்ளி, இரவு 11:48

சுண்டல் சார், கை என்ன சொல்கிறது என்று நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஹெரால்ட் கேம்பிங் என்று ஒரு ரேடியோ பிரசங்கி. அடிப்படையில் சிவில் எஞ்சினியர். 2011 மே 21 அன்று வருகை என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஏற்கெனவே 1994க்கு ஒரு தேதி சொல்லிப் பிசகியவர்தான். அந்த மே 21க்கு முன்னால் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் சிலர் அவருடைய ஆட்களைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார்கள். இன்றைக்கு 5 டாலர் வேண்டுமா, அல்லது நான்கு வாரம் கழித்து இதைவிடப் பெரிய தொகை வேண்டுமா? தொகையை 500 டாலர்வரை ஏற்றிப் பார்த்தார்கள். நான்கு வாரம் என்பது மே 21ஐத் தாண்டிவிடும், அதுதான் சூட்சுமம். உண்மையான பணம், உண்மையாகவே கொடுப்பார்கள்.

கேம்பிங் ஆட்கள் கிட்டத்தட்ட எல்லோரும் 5 டாலரை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒப்பிட்டுப் பார்க்க செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்காரர்களிடமும் அதே கேள்வி. அவர்களும் கடைசி காலத்தை நம்புகிறவர்கள்தான், தேதி மட்டும் குறிப்பதில்லை. கொஞ்சம் கூடக் கிடைத்தால் போதும், காத்திருக்கிறோம் என்றார்கள்.

ஆக அந்த ஆட்களின் கை நம்பியது. கேம்பிங்கை நம்பியவர்களில் ஒருவர் நியூயார்க் போக்குவரத்துத் துறையில் ஓய்வு பெற்ற ராபர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக். 1,40,000 டாலர் சேமிப்பை ரயில், பஸ் விளம்பரங்களில் போட்டுவிட்டு, அன்று மாலை டைம்ஸ் சதுக்கத்தில் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் கேலி செய்தார்கள்.

சுண்டல் | சனி, காலை 7:20

சரி, ஏமாளிகள் நம்புகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். மைக் பிடித்தவர் நம்பினாரா என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து மைக்காரர்கள் யாரும் 5 டாலரை எடுத்துக்கொண்டு போவதில்லை.

கடற்கரை லோக்கல் | சனி, காலை 8:02

இதற்கும் ஒரு பதில் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். தென்கொரியா, லீ ஜாங் ரிம். 1992 அக்டோபர் 28 என்று தேதி குறித்தார். ஜனங்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். தேதிக்குச் சில வாரம் முன்னால் போலீஸ் பிடித்தது. பார்த்தால், அந்த மனிதர் காணிக்கைப் பணத்தில் அடுத்த வருஷம் முதிர்வடையும் பத்திரங்கள் வாங்கி வைத்திருந்தார்! மோசடி வழக்கில் தண்டனையும் கிடைத்தது.

கேம்பிங் வேறு ரகம். மே 21 பிசகியதும், வந்தது ஆவிக்குரிய நியாயத்தீர்ப்பு, கண்ணுக்குத் தெரியாது, அசல் முடிவு அக்டோபர் 21 என்றார். அதுவும் பிசகியது. 2012 மார்ச்சில், தேதி சொன்னதே பாவம் என்று எழுதி ஒப்புக்கொண்டார். 92 வயதில் 2013இல் இறந்தார். அவரை லீயோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாந்தோம் அலை | சனி, காலை 9:31

நானும் கிறிஸ்தவன்தான். இந்த இழையைப் படிக்கும் மற்ற மதத்து நண்பர்கள் நாங்கள் எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கிறோம் என்று நினைத்துவிடக் கூடாது. மத்தேயு 24:36இலேயே இருக்கிறது: அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆதிக் கிறிஸ்தவர்கள் காலத்தில் தெசலோனிக்கே பட்டணத்துச் சபையில் வருகை வந்துவிட்டது என்று சிலர் கலங்கினார்கள், சிலர் வேலைவெட்டி இல்லாமல் திரிந்தார்கள். வேலைசெய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்கு எழுதினார். தேதி குறிப்பவனைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

சுண்டல் | சனி, காலை 9:40

தேதி சொல்லாமல் "சீக்கிரம், சீக்கிரம்" என்று 2,000 வருஷமாகச் சொல்வது மட்டும் என்ன? அது மாட்டிக்கொள்ளாத ரகம், அவ்வளவுதான்.

நெறியாளர் | சனி, காலை 10:15

சுண்டல், போதும். ஒரு வீட்டில் இறந்தவரைப் பற்றிய இழை இது. மதத்தைக் கடிக்க வேண்டுமென்றால் வேறு இழை திறந்துகொள்ளுங்கள், அங்கேயும் வந்து பூட்டுகிறேன்.

ஓய்வூதியக் கிளார்க் | சனி, காலை 11:27

எனக்குத் தீர்க்கதரிசனம் தெரியாது. ஆனால் 31 வருஷம் ஓய்வூதியக் கோப்பு பார்த்தவன். அயனாவரத்தான் தம்பி, ஒரு சந்தேகம். கடிதத்தில் இருக்கும் சொல் ராஜினாமாவா, விருப்ப ஓய்வா? இரண்டும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்போதைய விதிப்படி, 20 வருஷம் தகுதியான சர்வீஸ் இருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். பென்ஷன் உண்டு. ராஜினாமா என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவரை செய்த சர்வீஸ் அத்தனையும் போச்சு, பென்ஷன் கிடையாது. உங்கள் பெரியம்மாவுக்கு 22 வருஷம் என்கிறீர்கள். ஜூனில் நோட்டீஸ் கொடுத்திருந்தால் செப்டம்பரில் பென்ஷனோடு வெளியே வந்திருக்கலாம். டிசம்பருக்கு அப்போதும் மூன்று மாதம் பாக்கி. எந்த ஆபீசிலும் ஒரு ஹெட் கிளார்க்காவது "யோசிச்சுக் குடுங்கம்மா" என்று சொல்லியிருப்பார். நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அயனாவரத்தான் | சனி, மதியம் 12:10

சார், ராஜினாமாதான். இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

நீங்கள் சொன்ன ஹெட் கிளார்க் நிஜமாகவே இருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அப்போது நான் ஒன்பதாவது. "டீச்சர் கேக்க மாட்டேங்கிறாங்க. பென்ஷன் எதுக்கு சார், யார் வாங்கப் போறான்னு கேக்கிறாங்க" என்றார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

நீங்கள் சொல்லும்வரை அந்த மூன்று மாதக் கணக்கு எனக்குத் தெரியாது. வயிறு எரிகிறது.

கடற்கரை லோக்கல் | சனி, மதியம் 12:25

அப்படியானால் பெரியம்மா 5 டாலரை எடுத்தவர். அதுகூட இல்லை, வெறுங்கையோடு போனவர். இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். சீட்டு நோட்டுதான் இப்போது இடிக்கிறது.

பழைய மெட்ராஸ் | சனி, மாலை 4:50

நான் இந்த இழையில் வயதில் பெரியவன் என்று நினைக்கிறேன். 1962 பிப்ரவரி அஷ்டகிரக சேர்க்கை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது, எட்டும் மகரத்தில். நாடு முழுக்க யாகம், ஹோமம், அகண்ட நாமம். நேரு கேலி செய்தார், யாரும் கேட்கவில்லை. எங்கள் திருவல்லிக்கேணி வீட்டில் பாட்டி மூன்று நாள் யாரையும் வெளியே விடவில்லை. எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சேமிப்பில் நெய் டின் டின்னாக வாங்கி ஹோமத்துக்குக் கொடுத்தார். பிரளயம் வரவில்லை. அதே மாதம் பொதுத்தேர்தல் வந்தது, காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார், எங்கள் தெருவில் சிலருக்கு அதுதான் பிரளயம்.

நான் சொல்ல வந்தது வேறு. நெய் கொடுத்தவர் அசடு வழியவில்லை. "யாகம் பண்ணினதாலதான்டா நீங்கள்லாம் உசிரோட இருக்கேள்" என்று சாகும்வரை சொன்னார். அதில் ஒரு கௌரவமே வந்துவிட்டது அவருக்கு. உலகத்தைக் காப்பாற்றின மனுஷர் அல்லவா. அவருக்குக் கிடைத்தது லாபமா இல்லையா, சொல்லுங்கள்.

அப்புறம் 1979இல் ஸ்கைலாப், அமெரிக்காவின் விண்வெளி நிலையம், தலையில் விழப்போகிறது என்று பீதி. அதற்கு ஆட்டை வெட்டித் தின்று தீர்த்தவர்களை எனக்குத் தெரியும். அது ஜூலை 11 அன்று இந்துமாக் கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. ஆடு போனது போனதுதான்.

கடற்கரை லோக்கல் | சனி, மாலை 5:33

ஐயா சொல்வது அமெரிக்காவில் 1954இல் சிகாகோ பக்கம் ஒரு குழுவைப் பற்றி ஃபெஸ்டிங்கர் என்பவரும் கூட்டாளிகளும் எழுதியது போலவே இருக்கிறது. டிசம்பர் 21 வெள்ளம், பறக்கும் தட்டு வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தார்கள். வெள்ளம் வராததும், எங்கள் விசுவாசத்தால் உலகம் பிழைத்தது என்றார்கள். ஆனால் அந்த ஆய்வை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆராய்ச்சியாளர்களே பக்தர்கள் வேஷத்தில் உள்ளே புகுந்திருந்தார்கள். சின்னக் கும்பல் அது. அதில் எது பக்தர் பேச்சு, எது வேஷக்காரர் ஏற்றிவிட்டது என்று பிரிப்பது கஷ்டம்.

மாட்டுவண்டி | சனி, இரவு 8:14

எல்லோரும் ஏமாற்றுக்காரன், ஏமாளி என்று இரண்டே பெட்டி வைத்திருக்கிறீர்கள். மைக்காரரும் நிஜமாக நம்பினால் நல்லது என்று ஒரு எண்ணம் வேறு ஓடுகிறது. அதை உடைக்க வந்தேன்.

தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள், 1856. வெள்ளைக்காரன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டே வருகிறான். ஐரோப்பாவிலிருந்து வந்த நுரையீரல் நோயில் மாடுகள் வேறு சாகின்றன. அப்போது நோங்கவுசே என்ற சுமார் 15 வயதுப் பெண், முன்னோர்கள் தன்னிடம் பேசினார்கள் என்கிறாள். இருக்கும் மாடுகளையெல்லாம் கொன்றுவிடுங்கள், தானியத்தைக் கொட்டிவிடுங்கள், விதைக்காதீர்கள். இறந்தவர்கள் எழுந்து வருவார்கள், புது மாடுகள் வரும். ராஜா சர்ஹிலி அதை நம்பினார். தன் மாட்டையே வெட்டினார். சுமார் 4 லட்சம் மாடுகள். 1857 பிப்ரவரியில் குறித்த நாள் வந்தது, போனது. சுமார் 40,000 பேர் பட்டினியில் செத்தார்கள். பிழைத்தவர்கள் கூலிக்குக் காலனிக்குள் போனார்கள். நிலம் வெள்ளைக்காரனுக்கு.

அந்தச் சமயத்தில் மாட்டை வெட்டியவர்களை மென்மையானவர்கள் என்றும், வெட்ட மறுத்தவர்களைக் கடினமானவர்கள் என்றும் அந்த மக்கள் பிரித்துச் சொன்னார்கள். எனக்கு ரொம்ப நாளாக மனதில் நிற்கும் விஷயம் இது. அங்கே மென்மை என்பது மற்றவர்களுக்காக விட்டுக்கொடுப்பது. கடினம் என்பது தன் மாடு, தன் வயிறு என்று நிற்பது. நம்பாதவனைத்தான் சுயநலக்காரன் என்றார்கள். குறித்த நாளில் ஒன்றும் நடக்காதபோது, அவன் வெட்டாமல் வைத்திருந்த மாடுதான் காரணம் என்று பழியும் அவன்மேல்தான் விழுந்தது.

சர்ஹிலியிடம் கொரியாக்காரரின் பத்திரம் மாதிரி ஏதாவது ஒளித்து வைத்த மாடு இருந்திருந்தால் பாதி ஜனம் பிழைத்திருக்கும். ராஜாவே வெட்டுகிறாரே என்றுதான் மற்றவர்கள் வெட்டினார்கள். ஏமாற்றுக்காரன் தேவலை, அவன் ஓடிப்போவதற்காவது ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பான்.

சுண்டல் | சனி, இரவு 8:40

இதற்கு என்னிடம் ஜோக் இல்லை.

வேப்பேரி விருந்தாளி | ஞாயிறு, அதிகாலை 1:16

புது ஐடி திறந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். என் அப்பா பாஸ்டர். அயனாவரத்தான் சொல்லும் சபை இல்லை, வேறு மாவட்டம். அப்பாவும் ஒரு தேதி சொன்னார். எந்த வருஷம் என்பது வேண்டாம்.

தேதி சொன்ன பிறகு காணிக்கைப் பை கனத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கப்புறம் கட்டில்மேல் பெட்ஷீட் விரித்துக் கொட்டி அம்மாவும் நானும்தான் எண்ணுவோம். அதுவரை பத்தும் இருபதுமாக வந்த நோட்டு ஐந்நூறாக மாறியது. ஒருமுறை கம்மல் ஒன்று விழுந்தது, ஒற்றைக் கம்மல். ஜோடியைக் கொடுக்க அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லையோ, அடுத்த வாரம் போடலாம் என்று இருந்தாரோ. இன்றுவரை யோசிக்கிறேன்.

அப்பா அந்தப் பணத்தில் ஒன்றும் வாங்கவில்லை. நோட்டீஸ் அடித்தார், வேன் பிடித்துக் கிராமம் கிராமமாகப் போனார். எனக்கு எஞ்சினியரிங் சீட் கிடைத்திருந்தது. முதல் தவணை கட்ட வேண்டாம், அந்த செமஸ்டர் முடிவதற்குள் கர்த்தர் வந்துவிடுவார் என்றார். சீட் போனது. நான் ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். ஆகவே அவர் நம்பினார், அதற்கு நானே ரசீது.

தேதி தாண்டிய அடுத்த ஞாயிறு, சபையில் பாதிப் பேர் இல்லை. வந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். "கர்த்தர் நீடிய பொறுமையுள்ளவர், மனந்திரும்பத் தவணை கொடுத்திருக்கிறார்" என்று சொன்னார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அவர் நம்பினாரா? அப்பா ஊழியத்துக்கு வருமுன் அம்பத்தூரில் லேத் ஓட்டியவர். 18 வருஷமாகக் கையில் லேத் இல்லை. வீட்டு வாடகை சபைதான் கொடுத்தது, மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி. தப்புச் சொல்லிவிட்டேன் என்று அந்த ஞாயிறு அவர் சொல்லியிருந்தால் ஆறாம் தேதி நாங்கள் எங்கே போவது?

அவரை நான் கேட்டதே இல்லை. இப்போது அவருக்கு மறதி வந்துவிட்டது.

ஓய்வூதியக் கிளார்க் | ஞாயிறு, காலை 6:30

தம்பி, படித்தேன். ஐடியை மூடிவிடாதீர்கள்.

அடையாறு ஆலமரம் | ஞாயிறு, காலை 9:05

வேப்பேரி நண்பர் எழுதியதற்குப் பிறகு இதைச் சொல்வது சரியா தெரியவில்லை. ஆனால் தப்புச் சொல்லிவிட்டோம் என்று மேடையிலேயே சொன்ன ஒருவர் நம் ஊர்க் கடற்கரையிலிருந்து போனவர்தான்.

1909இல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் கண்ணில் பட்ட பையன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. இவர்தான் வரப்போகும் உலக குரு என்று சபைத் தலைவி அன்னி பெசன்ட் நம்பினார், 1911இல் அதற்கென்றே ஒரு சங்கம். உலகம் அழியும் என்று சொல்லவில்லை, புது யுகம் பிறக்கும் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள், சொத்து எழுதி வைத்தார்கள். 1929 ஆகஸ்ட் 3, ஹாலந்தில் ஓம்மென் என்ற ஊரில் நடந்த முகாமில், பெசன்ட் அம்மையார் முன்னாலேயே, சங்கத்தைக் கலைக்கிறேன் என்றார் கிருஷ்ணமூர்த்தி. ஒரு ஹாலந்து பிரபு கொடுத்திருந்த கோட்டையையும் நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

பெசன்ட் அம்மையாருக்கு அப்போது 81 வயது. அடையாறில் 1933இல் இறந்தார். ஏமாற்றுக்காரி என்று அவரைப் பரம எதிரிகூடச் சொல்ல முடியாது. நம்பினார், அவ்வளவுதான். தான் நம்பியவரே வேண்டாம் என்று எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுண்டல் | ஞாயிறு, காலை 9:22

கோட்டையைத் திருப்பிக் கொடுத்தவருக்குக் சென்னை கிரீன்வேஸ் சாலையில் வசந்த விஹார் பங்களா வந்ததே. சும்மா சொன்னேன். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் ஒன்று, அவர் விட்டுவிட்டு வந்தாலும் அவரைத் தாங்க ஆள் இருந்தது. வேப்பேரிக்காரரின் அப்பாவுக்கு லேத்கூட இல்லை. தப்பை ஒப்புக்கொள்வதற்கும் வசதி வேண்டும்.

மாம்பலம் மாமி | ஞாயிறு, காலை 10:48

எல்லாரும் உலக வரலாறு பேசறேள். அந்த நோட்டை ஒருத்தராவது ஒழுங்கா பார்த்தேளா? நான் 30 வருஷம் தெருவில் சீட்டு நடத்தினவள். அயனாவரத்தான், நோட்டில் எத்தனை பத்தி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே எழுதுங்கோ.

கடைசிச் சீட்டு என்றால் தள்ளு இல்லாமல் கமிஷன் போக முழுத் தொகை வரும். பணத்துக்கு அவசரம் இல்லாதவாள்தான் அதுவரை பொறுப்பா. பொண்ணு கல்யாணம், மனை வாங்கறது, இப்படி ஏதாவது மனசில் இருக்கும்.

அயனாவரத்தான் | ஞாயிறு, காலை 11:30

மாமி, நான்கு பத்தி. தேதி, ஏலத்தள்ளு, கட்டிய தொகை, கையெழுத்து. 1999 ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை மாதாமாதம் 800, 820, 850 என்று தள்ளுக் கழித்துக் கட்டியிருக்கிறார். ஐந்தாம் தேதி, ஆறாம் தேதி.

2000 ஜனவரியிலிருந்து தேதியும் தள்ளும் இருக்கிறது. கட்டிய தொகை என்ற இடத்தில் எல்லா மாதமும் "மு.க." என்று மட்டும் இருக்கிறது. சீட்டு நடத்தியவர் கையெழுத்து. மு.க. என்றதும் யாரோ கட்சிக்காரர் பொறுப்பேற்றுக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

சுண்டல் | ஞாயிறு, காலை 11:34

கலைஞர் அப்போது முதலமைச்சர் வேறு. சீட்டும் கட்டினாரா?

மாம்பலம் மாமி | ஞாயிறு, காலை 11:41

அசடே, மு.க. என்றால் முன்கட்டு. முன்கூட்டியே கட்டியாச்சு என்று அர்த்தம், நாங்களும் அப்படித்தான் எழுதுவோம். உங்கள் பெரியம்மா பாக்கி 13 மாசத்துப் பணத்தையும் மொத்தமாக 1999இலேயே கட்டிவிட்டார். ஊரில் எவனும் இப்படிச் சீட்டுக் கட்ட மாட்டான். நோட்டின் முதல் பக்கத்தில் யார் பெயர் போட்டிருக்கிறது?

அயனாவரத்தான் | ஞாயிறு, இரவு 9:57

மாமி கேட்டதைப் பார்த்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு கொளத்தூரில் இருக்கும் அம்மாவிடம் போய்விட்டேன். இப்போதுதான் திரும்பினேன்.

முதல் பக்கத்தில் பெரியம்மா பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே அம்மா பெயர், வேறு மையில். பக்கத்தில் "பாப்பா" என்று சின்னதாக. பாப்பா என் தங்கை.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. 1999 தீபாவளி சமயத்தில் பி.எஃப். பணம் வந்ததும் பெரியம்மா முதலில் சீட்டுக்கார அக்காவிடம்தான் போயிருக்கிறார். 13,000 எண்ணிக் கொடுத்து, "ஜனவரிக்கு மேல நான் இருக்க மாட்டேன், கடைசிச் சீட்டை என் தங்கச்சி கையில குடுத்துடு, பாப்பா கல்யாணத்துக்கு" என்று சொல்லிவிட்டு, மீதியைத்தான் சபைக்குக் கொண்டுபோனாராம். அப்புறம் அம்மாவிடம் வந்து விஷயத்தைச் சொன்னார். அம்மாவுக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம் வந்தது. "அப்போ நாங்கள்லாம் இங்கேயே கிடந்து சாவோம்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" பெரிய சண்டை. இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

நான் சீட்டு நோட்டைப் பார்த்து, பெரியம்மா நம்பவில்லையோ என்று நினைத்தேன். போகப் போவது தான், இருக்கப் போவது நாங்கள். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா.

கடற்கரை லோக்கல் | ஞாயிறு, இரவு 10:20

5 டாலர் எடுத்தவர்களைப் பற்றி இப்போது வேறு மாதிரி யோசிக்கத் தோன்றுகிறது. அவர்களுக்கும் விடப்படப் போகிற அண்ணன், தங்கை இருந்திருப்பார்கள். 500 டாலரை அவர்கள் பெயருக்கு எழுதி வைக்கலாம் என்று கிட்டத்தட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுண்டல் | ஞாயிறு, இரவு 10:31

கடைசியாக ஒரு குறுக்கு விசாரணை. 666 முத்திரை இல்லாமல் ஒன்றும் வாங்கவோ விற்கவோ முடியாத ஏழு வருஷத்தில் உங்கள் தங்கைக்கு 25,000 எதற்கு? கல்யாண மண்டபம் யார் வாடகைக்குக் கொடுப்பார்? ஒரு மூலையில் சந்தேகம் இருந்திருக்கிறது. அதை பாப்பா பெயரில் போட்டு வைத்திருக்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அயனாவரத்தான் | ஞாயிறு, இரவு 11:12

இருக்கலாம். கேட்க ஆள் இல்லை. 2001 ஜனவரியில் அந்தப் பணம் வந்தது, பாப்பாவின் கல்யாண வளையல் அதில் வாங்கியதுதான். அவள் இப்போது அதைக் கையிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மாப்பிள்ளை மெசேஜ் போட்டிருக்கிறார்.

அம்மா இன்னொன்று சொன்னார். 2000 ஜனவரி 1, காலை ஆறு மணி. வாசலில் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாராம். பெரியம்மா அதே வெள்ளைப் புடவையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வந்து நின்றார். இரண்டு மாதம் கழித்து முதல் பேச்சு.

"காப்பி இருக்கா?"

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. டிகாக்ஷன் இருந்தது, பால்தான் இல்லை. என்னை எழுப்பிப் பால் பாக்கெட் வாங்க அனுப்பியது அதற்குத்தானாம். எனக்கு ஞாபகமே இல்லை.